காவல் மரத்தில் கட்டிய யானை

(பட்டிமன்றத் தலைப்பு: சரியில்லாத முதலாளி வாய்த்தால் சிறந்தது பொறுத்துப் போவதா? வேறு வேலை தேடிப் போவதா? 'தேடிப் போவதே' அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்துகொண்டு, 'பொறுங்கள், பொறுங்கள்' என்று சொல்லிச் சொல்லியே நம் பொறுமையைச் சோதித்துவிட்ட அருமை நண்பர்களே! மே தின விடுமுறையிலும் கிண்டிக்குப் புறப்பட்டு வந்து இந்த அரங்கத்தை நிறைத்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நெஞ்சங்களே! 

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் எழுந்ததுமே ஒரு பழமொழி சொன்னார். பொறுத்தார் பூமி ஆள்வார். நல்ல பழமொழிதான். நானும் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கிட்டிருக்கேன். ஆனா அந்தப் பழமொழியை யார் அதிகமாச் சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? பூமி ஏற்கெனவே யார் கையில இருக்கோ, அவங்கதாங்க சொல்றாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

முதல்ல, சரியில்லாத முதலாளின்னா யாருன்னு தெளிவு பண்ணிக்குவோம். கண்டிப்பா இருக்கிறவர் மோசமான முதலாளி இல்லீங்க. சில பேர் கத்துவாங்க. ஆனா ஒண்ணாம் தேதி சம்பளம் கைக்கு வந்திடும். பிள்ளைக்குக் காய்ச்சல்னா, "போடா, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னும் அதே வாய்தான் கத்தும். அந்தக் கத்தல் மத்தியானச் சோத்தோட சேர்ந்து சீரணம் ஆயிடும்.

நான் சொல்றது வேற ரகம். ஒருத்தர் இருக்கார், ரொம்ப அன்பானவர். வேலைக்குச் சேர்ற அன்னைக்கே, "தம்பி, இது கம்பெனி இல்லப்பா, நாமெல்லாம் ஒரே குடும்பம்"பார். ராத்திரி பத்து மணி வரைக்கும் இருக்கச் சொல்லும்போது நாம குடும்பம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லும்போதும் குடும்பம். ஓவர்டைம் காசு கேட்டுப் பாருங்க! "கம்பெனி ரூல்ஸ் என்னன்னா"ன்னு ஆரம்பிப்பார். அதுவரைக்கும் குடும்பமா இருந்தது அந்த நிமிஷத்துல கம்பெனி ஆயிடும். (சிரிப்பு)

இன்னொருத்தர் அஞ்சாம் தேதி சம்பளம்பார். அஞ்சு பத்தாகும், பத்து பதினெட்டாகும். ஆனா நம்ம வீட்டுக்காரருக்கும் பால்காரருக்கும் மட்டும் தேதி நகர மாட்டேங்குது. மூணாவது ஒருத்தர், சேரும்போதே அசல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிடுவார். ஐயா, அடகுக் கடையில நகையை வெச்சாலாவது கையில பணம் கொடுப்பாங்க. இங்கே நம்ம படிப்பையே அடகா வாங்கிக்கிட்டு, மாசம் முழுக்க வேலையும் வாங்கிக்கிறாங்க!

நாலாவது ஆள்தான் பெரிய ஆள். பி.எஃப். பிடிப்பார், கட்ட மாட்டார். சம்பளச் சீட்டைப் பார்த்தா நூத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் ஒழுங்காக் கழிஞ்சிருக்கும். கணக்கைப் போய்ப் பார்த்தா காலி. நம்ம முதுமைக்குன்னு எடுத்த காசு அவர் மகன் காருக்குப் போயிருக்கும். இவங்களையெல்லாம் பொறுத்துப் போகணுமாம்! எதுவரைக்கும்? பூமி ஆளுற வரைக்கும்!

நடுவர் அவர்களே, தமிழ் படித்தவன் நான். என் வழக்கைப் புறநானூற்றிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். வீட்டிலே வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. வயதான தாய், வாடிப்போன மனைவி, பாலுக்கு அழுகிற பிள்ளை. அந்த வறுமையை அவரே பாடியிருக்கிறார். அவர் வெளிமான் என்ற தலைவனிடம் போகிறார். வெளிமான் நல்லவன். கண்மூடுகிற நேரத்திலும் தம்பியைக் கூப்பிட்டு, "புலவருக்குப் பரிசு கொடு" என்று சொன்னான். அந்தத் தம்பி பெயர் இளவெளிமான். அண்ணன் சொன்னாரே என்று ஏதோ கொஞ்சத்தைத் தூக்கிக் கொடுத்தான்.

இந்தக் கதை உங்களுக்குப் புதுசா? பெரிய முதலாளி இருந்தவரைக்கும் நல்லா இருந்துச்சு சார், சின்னவர் வந்தார், எல்லாம் போச்சு! கிண்டியிலே எந்த டீக்கடையிலே நின்னாலும் கேட்கிற கதை. இரண்டாயிரம் வருஷத்துக் கதைங்க இது. (கைதட்டல்)

புலவர் என்ன செய்தார்? எதிரணி அம்மா சொன்ன மாதிரி, 'அடுப்பு எரியணுமே' என்று வாங்கிக்கொண்டு போனாரா? வாங்கவில்லை. நேராகக் குமணனிடம் போனார். முதிரமலைத் தலைவன் அவன். பாடினார். குமணன் யானையே கொடுத்தான். அந்த யானையை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை! திரும்பி இளவெளிமான் ஊருக்கே வந்தார். அந்த ஊருக் காவல் மரம் இருக்கிறதே, அரசனுடைய கௌரவமே அந்த மரம்தான், அதிலே யானையைக் கட்டினார். கட்டிவிட்டு, "பார்த்துக்கொள், கொடுப்பவர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள்" என்ற பொருளிலே சொல்லிவிட்டுப் போனார்.

இன்னைக்கு நம்ம பிள்ளைங்க புதுக் கம்பெனியில சேர்ந்ததும், பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல புது ஐ.டி. கார்டைப் போட்டோ எடுத்துப் போடுறாங்களே, அதுக்கெல்லாம் பாட்டனார் எங்க பெருஞ்சித்திரனார்! (பலத்த சிரிப்பு)

நான் சொல்ல வருவது இதுதான். புலவர் கேட்டது பிச்சை இல்லை. தன் புலமைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியும். சோறு போடுவது இந்த ஒரு ஆள் அல்ல, என் கையில் இருக்கிற தொழில்தான் எனக்குச் சோறு போடுகிறது என்று தெரிந்தவன் அஞ்ச மாட்டான். அது தெரியாதவன்தான் கதவைப் பார்த்தாலே பயப்படுவான்.

ஔவையாரை எடுத்துக்குங்க. அதியமான் எப்படிப்பட்ட வள்ளல்! அவனும் ஒரு தடவை பரிசு கொடுக்கக் காலம் கடத்தினான். அந்த அம்மா வாயிற்காவலனைக் கூப்பிட்டு, மூட்டையைக் கட்டிட்டேன்னு சொல்லிட்டாங்க. தொழில் தெரிஞ்சவளுக்கு எந்தப் பக்கம் போனாலும் பிழைப்பு உண்டுங்கிற தெம்பு. இப்படிக் கோபிச்சுக்கிட்டுப் புறப்படத் தெரிந்த அந்த ஔவைக்குத்தான், அதே அதியமான் நெல்லிக்கனியும் கொடுத்தான். புறப்படத் தெரிந்தவரைத்தான் ஐயா இருக்கச் சொல்லிக் கெஞ்சுவாங்க. எங்கேயும் போக மாட்டான்னு தெரிஞ்சவனை, நாற்காலி மாதிரி ஒரு ஓரமாப் போட்டிருவாங்க.

இப்ப அந்த அம்மா கேள்விக்கு வர்றேன். நியாயமான கேள்வி. "வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், மாசத் தவணை, இத்தனையும் தலைமேல இருக்கும்போது வேலையை வீசிட்டு வர முடியுமா?" என்றார். வீசிட்டு வரச் சொல்லி நாங்க எங்கே சொன்னோம்? தலைப்பைப் பாருங்கம்மா. 'வேறு வேலை தேடிப் போவதே'. தேடு, அப்புறம் போ. பழைய வேலையில் இருந்துகொண்டே தேடலாம். அதுக்குப் பேர் துரோகம் இல்லை.

என் பழைய மாணவர் ஒருவர். பி.ஏ. தமிழ். இதே கிண்டியில் ஒரு தகரப் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். பட்டறை பேர் வேண்டாம். சில வருஷம் முன்னாடி என்னைப் பார்க்க வந்தார். செல்போனைக் காட்டினார். பி.எஃப். கணக்கிலே பதினொரு மாசமா ஒரு ரூபாய் ஏறலை. சம்பளத்துல மட்டும் மாசாமாசம் பிடிச்சிருக்காங்க. கேட்டதுக்கு, முதலாளி நாலு பேர் முன்னாடி, "தமிழ் படிச்ச உனக்கு இந்த வேலை கொடுத்ததே பெரிசு"ன்னு சொல்லியிருக்கார். "சார், பெருஞ்சித்திரனாரை நீங்கதானே நடத்தினீங்க, இப்ப என்ன பண்றது சொல்லுங்க"ன்னு கேட்டார்.

நான் கேட்டேன், "சேர்ந்து எவ்வளவு நாளாச்சு?" "நாலு வருஷம் ஏழு மாசம் சார்." "அப்படின்னா அஞ்சு மாசம் இரு" என்றேன்.

எதிரணித் தலைவர் சந்தோஷமா நிமிர்ந்து உட்கார்றார், பார்த்தீங்களா! 'பேராசிரியரே பொறுக்கச் சொல்லிட்டார்'னு. ஐயா, இது பொறுமை இல்லை, கணக்கு! (சிரிப்பு) பணிக்கொடைன்னு ஒண்ணு இருக்கு, கிராஜுவிட்டி. 1972-இல் வந்த சட்டம் அது. பத்துப் பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற இடத்துல, அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தா, வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம் கணக்குப் போட்டு மொத்தமாத் தரணும். மாசத்துக்கு 26 நாள்னு வகுக்கணும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 20,800 ரூபாய்னு வெச்சுக்குங்க. நாளுக்கு 800. பதினஞ்சு நாளுக்கு 12,000. அஞ்சு வருஷத்துக்கு 60,000 ரூபாய். கோபத்துல அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டு வந்திருந்தா, அந்த அறுபதாயிரம் யாருக்கு மிச்சம்? அந்த முதலாளிக்கு! நம்ம கோபத்துக்கு அவர் ஏன் லாபம் பார்க்கணும்?

அந்த அஞ்சு மாசமும் அவர் சும்மா இருக்கலை. தொழிற்பேட்டைக் கேட்டுகள்ல 'ஆட்கள் தேவை'ன்னு போர்டு தொங்குமே, மத்தியான இடைவேளையில ஒவ்வொண்ணாப் பார்த்தார். டீக்கடையில விசாரிச்சார். நான் சொன்னதை விடுங்க, டீக்கடைக்காரர் சொன்னதுதான் உருப்படியான யோசனை: "தம்பி, சம்பளம் எவ்வளவுன்னு கேட்காதே. எந்தத் தேதியில போடுறாங்கன்னு அங்கே வேலை பார்க்கிறவனைக் கேளு." எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சி பாருங்க! நான் டாக்டர் பட்டம் வாங்க அஞ்சு வருஷம் ஆச்சு, அவர் ஒரு டீ ஆத்துற நேரத்துல வாங்கிட்டார். (சிரிப்பு, கைதட்டல்)

அம்பத்தூரில் ஒரு இடம் கிடைத்தது. சம்பளம் 1,500 ரூபாய்தான் அதிகம். ஆனா ஒண்ணாம் தேதின்னா ஒண்ணாம் தேதி. அஞ்சு வருஷம் முடிஞ்ச மறு வாரம் எழுத்து மூலமா ராஜினாமா. கட்டாத பி.எஃப்.புக்கு ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்தில் புகார். தவணை தவணையாக் கணக்குல ஏறிச்சு. கடைசியில பணிக்கொடையை வாங்கப் போன அன்னைக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சார், என்கிட்ட யானை இல்லை. ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கேன். அதைக் கொண்டுபோய்ப் பட்டறை வாசல் வேப்பமரத்தடியில நிறுத்திட்டுத்தான் உள்ளே போனேன்!" (பலத்த கைதட்டல்)

அடுத்தது, எதிரணியில் பேசிய தம்பி. விசுவாசம், விசுவாசம்னு ஏழு தடவை சொன்னார். நான் எண்ணினேன். ஒரே கம்பெனியில் கடைசி வரை இருப்பதுதான் பெருமையாம். தம்பி, நீங்க இந்த அரங்கத்துக்கு எந்த பஸ்ல வந்தீங்க? வர்ற வழியில கண்டக்டர் "ஹால்டா, ஹால்டா"ன்னு குரல் கொடுத்திருப்பார். ஹால்டாங்கிறது என்ன? டைப்ரைட்டர் பேர். ஒரு காலத்துல கிண்டியில அந்த டைப்ரைட்டர் செய்தாங்க. இன்னைக்கு அந்தத் தட்டச்சுப்பொறியும் இல்லை, அதைச் செய்த ஆலையும் இல்லை. பஸ் ஸ்டாப்பு மட்டும் விசுவாசமா நின்னுக்கிட்டிருக்கு!

ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்தது 2006-இல். ஆயிரக்கணக்கான பிள்ளைங்க, கிராமத்துப் பெண்பிள்ளைங்க, சீருடை போட்டுக்கிட்டுக் கம்பெனி பஸ்ல போனாங்க. 2014 நவம்பர்ல ஆலையை மூடினாங்க. மறைமலைநகர்ல ஃபோர்டு. 2021 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, 2022-இல் கார் உற்பத்தி நின்னு போச்சு. அந்த முடிவுக்குக் காரணங்கள் இருக்கலாம்; அதைக் குறை சொல்ல நான் வரலை. ஆனா ஒண்ணு. கம்பெனி தனக்குக் கட்டலைன்னா போகலாம், அது வியாபாரம். தொழிலாளி தனக்குக் கட்டலைன்னு போனா அது மட்டும் விசுவாசக் குறைவா? இது என்ன நியாயம் நடுவர் அவர்களே?

"எங்கே போனாலும் இதே கதைதான், இக்கரைக்கு அக்கரைப் பச்சை"ன்னும் சொன்னாங்க. எல்லாக் கரையும் ஒண்ணு இல்லீங்க. மோசிகீரனார் என்ற புலவர், களைப்பிலே, தெரியாமல் முரசு கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு கட்டில் அரசனுடைய வீரத்துக்கு அடையாளம். அதில் ஏறிப் படுத்தால் தண்டனை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான். வாளை உருவவில்லை. விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசினான்! வேலை நேரத்தில் தூங்கினவனுக்கு முதலாளி விசிறிவிட்ட வரலாறு உலகத்திலேயே நம்ம தமிழ்நாட்டில்தான் உண்டு. (சிரிப்பு) அப்படிப்பட்டவனும் இருந்தான், இளவெளிமானும் இருந்தான். இரண்டு பேரும் ஒண்ணுன்னு சொன்னா, விசிறினவன் கைக்கு என்ன மரியாதை? நல்ல முதலாளிக்குச் செய்கிற முதல் மரியாதையே, மோசமானவனை விட்டு அவனைத் தேடிப் போவதுதான்.

இப்ப கொஞ்சம் சிரிப்பை நிறுத்திட்டு ஒரு விஷயம் சொல்றேன். எதிரணி சொல்கிற 'பொறுமை' எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்ம மாநிலத்துலயே சாட்சி இருக்கு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. எவ்வளவு மங்கலமான பேர் பாருங்க! ஏழை வீட்டுப் பெண்பிள்ளை மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்யணும். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தா? அந்தத் தொகை கிடைக்காமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். பொறு, பொறு, பூமி ஆளலாம்; பாதியில எழுந்தா பட்ட பாடெல்லாம் போச்சு. இதுதான் அந்தத் திட்டத்தின் சூத்திரம்.

வாங்கின முன்பணத்துக்காக நகர முடியாமல் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடந்தவர்களைக் கொத்தடிமைகள் என்றோம். 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் உயிர் எது? மனிதன் ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்குப் போகலாம் என்பதுதான். வேலைக்காரனுக்கும் அடிமைக்கும் நடுவில் இருப்பது சம்பளம் மட்டும் இல்லை ஐயா, ஒரு வாசல்! அந்த வாசலைத்தான் எதிரணியினர், 'பொறுமை'ங்கிற பூட்டைப் போட்டுப் பூட்டப் பார்க்கிறாங்க. (நீண்ட கைதட்டல்)

சரி, வாசலே இல்லாதவங்க என்ன செய்யறது? தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போயிருப்பீங்க. தீபாவளிக்கு நாம புடவை எடுக்க ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். எடுத்துப் போடுகிற பெண்பிள்ளை? நின்றுகொண்டே இருப்பாள். காலையிலிருந்து இரவு வரை நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. 2010-இல் 'அங்காடித் தெரு' என்று ஒரு படம் அவர்கள் வாழ்க்கையைக் காட்டியது. 2018-இல் கேரளம் வழிகாட்டியது. 2021-இல் தமிழ்நாடும் சட்டம் திருத்தியது: கடையில் வேலை செய்பவருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். உட்காருவதற்கு ஒரு சட்டம்! பொறுத்துக்கொண்டவர்களால் அந்த நாற்காலி வரலை. கேட்டவர்களால் வந்தது. கேட்கிறவன் எங்கள் அணிக்காரன்.

நடுவர் அவர்களே, இந்தக் கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியது. நம்ம மாநிலத்தின் முதல் தொழிற்பேட்டை. காமராசர் ஆட்சி, ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சர். இந்தப் பேட்டைக்கு யார் பேர் வெச்சிருக்கு? திரு.வி.க. தொழிற்பேட்டை. தினமும் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போறாங்க! எந்த முதலாளி பேரும் இல்லீங்க அது. ஒரு தமிழ் வாத்தியார் பேர்.

திரு.வி.க. யார்? ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தார், விட்டார். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். நல்ல வேலை. நாட்டு விடுதலை கூப்பிட்டது. அதையும் விட்டு 1917-இல் 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். தனக்கு உகந்த பணியைத் தேடித் தேடிப் போனவர் அவர். அடுத்த வருஷமே, 1918 ஏப்ரலில், பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா இவர்களோடு திரு.வி.க.வும் நின்றார். அந்தத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டு ஒரு சங்கம்! ஐந்து வருஷம் கழித்து, 1923-இல், இதே சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நீங்க இன்னைக்கு லீவு போட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறது அவங்க பொறுத்ததால இல்லீங்க. பொறுக்காததால!

எதிரணித் தலைவர் கேட்கலாம்: "திரு.வி.க. ஆலைத் தொழிலாளியை வேலையை விட்டுப் போகச் சொன்னாரா? இருந்து போராடத்தானே சொன்னார்?" உண்மைதான். ஆனா இருந்து போராடுவதற்குப் பேர் பொறுத்துப் போவதா? போக வழி உள்ளவன் போகட்டும். வழி இல்லாதவன் நாலு பேரோடு சேர்ந்து நியாயம் கேட்கட்டும். குனிஞ்சுக்கிட்டே இருன்னு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை. புது இடத்துக்கு ஆர்டர் கைக்கு வராமல் பழைய வேலையை விடாதீங்க. வாயால சொன்ன வேலை வேலையே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நாட்டில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கு. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கணும்னு அதில் இருக்கு. வேலையை விட்டவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கணும்னும் இருக்கு. குறித்த காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்குப் பணிக்கொடைக்கு ஒரு வருஷம் போதும். சட்டம் தானா நடந்து வந்து நம்ம கதவைத் தட்டாது. நாமதான் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

பி.எஃப்.புக்கு 2014-இல் இருந்து பன்னிரண்டு இலக்க எண் ஒண்ணு இருக்கு. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. மாசத்துக்கு ஒரு தடவை செல்போனில் பாருங்க. சினிமா பார்க்கிறோம், கிரிக்கெட் பார்க்கிறோம், நம்ம காசையும் ஒரு தடவை பார்க்கக் கூடாதா? அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீங்க. காட்டுங்க, கையோடு வாங்கிக்குங்க. இதே கிண்டியில்தான் அரசாங்கத்தின் வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை இயக்குநர் அலுவலகம் இருக்கு, அரசு ஐ.டி.ஐ. இருக்கு. கையில் ஒரு தொழிலைக் கூட்டிக்குங்க. கைத்தொழில் ஒண்ணு கூடினா, வாசல் ஒண்ணு கூடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பையன் வேலை மாறப் போறேன்னு சொன்னதும், "உனக்கு எங்கேயும் நிலைச்சு நிக்கத் தெரியாதா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. "அங்கே என்னப்பா நடக்குது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஆபீஸ்ல தலைகுனிஞ்சு நிக்கிற பிள்ளை, வீட்டுக்கு வந்தாவது நிமிர்ந்து உட்காரட்டும். சம்பளத்தை மட்டும் வாங்கி எண்ணாதீங்க. அந்த முகத்தையும் கொஞ்சம் பாருங்க.

நடுவர் அவர்களே! பொறுமை பெரிய குணம்தான். பெற்றவங்ககிட்டப் பொறுமை வேணும், பிள்ளைங்ககிட்டப் பொறுமை வேணும், கட்டினவங்ககிட்ட ரெண்டு பங்கு பொறுமை வேணும். (சிரிப்பு) ஆனா உழைச்ச கூலியைத் தராதவன்கிட்டயும், நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்துறவன்கிட்டயும் காட்டுற பொறுமை, அவனுக்கு நாம கொடுக்கிற வட்டியில்லாக் கடன். அது திரும்பி வராது.

இளவெளிமான் கொடுத்த சில்லறையைப் பெருஞ்சித்திரனார் பொறுத்துக்கொண்டு வாங்கியிருந்தால், அன்றைக்கு ஒரு வேளை அடுப்பு எரிந்திருக்கும். குமணன் கொடுத்த அந்த யானையின் கதை நமக்குத் தெரிந்திருக்காது. வாங்க மறுத்துப் புறப்பட்டார். இன்றைக்கும் அந்த யானை நம்ம இலக்கியத்திலே கட்டிக் கிடக்கிறது. ஆகவே, சரியில்லாத முதலாளி வாய்த்தால் சிறந்தது வேறு வேலை தேடிப் போவதே, போவதே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.